முன்பணம் யாருடைய பணம்?

கல்யாணம் நிச்சயம் ஆனதும் வீட்டை விட்டு முதலில் வெளியே போவது முன்பணம்தான். மண்டபத்துக்கு முன்பணம். சமையல்காரருக்கு முன்பணம். மேளத்துக்கு முன்பணம். பந்தலுக்கும் பூவுக்கும் போட்டோவுக்கும் முன்பணம். ஒரு பண்டமும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஒரு வேலையும் நடக்கவில்லை. பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

கல்யாண வீட்டில் மட்டும்தானா இப்படி? வீட்டுக்கு வெள்ளை அடிக்க வரும் பெயிண்டர் முன்பணம் கேட்கிறார். கட்டில் செய்யும் தச்சர் கேட்கிறார். ரவிக்கை தைப்பவர் கேட்கிறார். கேட்பதில் தவறு இல்லை. கையில் முதல் இல்லாமல் வேலையைத் தொடங்க முடியாது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொடுத்தவர், "என் பணம் அவரிடம் இருக்கிறது" என்று நினைக்கிறார். வாங்கியவர், "எனக்கு வரவு வந்தது" என்று நினைக்கிறார். ஒரே பணத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்!

எல்லாம் நல்லபடி நடந்தால் இந்தச் சிக்கல் வெளியே தெரியாது. கல்யாணத் தேதி மாறினால் தெரியும். வேலை கூடினாலோ குறைந்தாலோ தெரியும். அப்போது வாய்ச்சண்டை வருகிறது. பல வருடப் பழக்கம் ஒரே நாளில் அறுந்து போகிறது.

முன்பணம் யாருடைய பணம்? இந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்று உண்டு. வேலை முடியும் வரை அது கொடுத்தவருடைய பணம். வாங்கியவர் அதைப் பொறுப்பாக வைத்திருக்கிறார். வேலை நடக்க நடக்க, அது கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய கூலியாக மாறுகிறது. இதை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இதைக் காகிதத்திலும் எழுதிக்கொண்டால் மீதிப் பாதியும் தீர்ந்துவிடும்.

ஓட்டை இடம் மாறும்

ஒரு சமையல் காண்டிராக்டரை எடுத்துக்கொள்ளலாம். கைராசிக்காரர். அவர் வைத்த சாம்பாரைப் பற்றி ஊரே பேசும். வைகாசியில் நடக்க இருக்கும் மூன்று கல்யாணங்களுக்கு அவர் மாசி மாதமே முன்பணம் வாங்குகிறார். ஆளுக்கு 20,000 ரூபாய். மொத்தம் 60,000 ரூபாய்.

அந்த மாதம் அவருக்குச் செலவு அதிகம். மளிகைக் கடையில் பழைய பாக்கி 25,000 ரூபாய். மகனுக்குக் கல்லூரிச் சம்பளம் 15,000 ரூபாய். புதிதாக அண்டாவும் அடுப்பும் வாங்க 20,000 ரூபாய். மூன்றையும் கூட்டினால் சரியாக 60,000 ரூபாய்.

அவர் சூதாடவில்லை. குடிக்கவில்லை. எல்லாம் நியாயமான செலவுதான். ஆனால் வைகாசிக் கல்யாணத்துக்கு ஒரு படி அரிசி கூட அவர் வாங்கவில்லை.

பங்குனியில் ஒரு வீட்டில் கல்யாணம் நின்றுவிடுகிறது. பெண் வீட்டார் வந்து 20,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கிறார்கள். அவர் கையில் ஒன்றும் இல்லை. அன்று மாலை நான்காவது வீட்டார் முன்பணம் கொண்டுவருகிறார்கள். அதை வாங்கி முதல் வீட்டாரிடம் கொடுத்துவிடுகிறார்.

ஓட்டை அடைபட்டதா? இல்லை. இடம் மாறியது. இனி நான்காவது கல்யாணத்துக்கு மளிகை வாங்கக் கடன் வாங்க வேண்டும். கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். வட்டியை ஈடுகட்டப் பருப்பில் கை வைக்க வேண்டும். கடைசியில் பந்தியில் உட்கார்ந்தவர்கள், "முன்பு போல ருசி இல்லையே!" என்று சொல்கிறார்கள். கைராசி குறைந்து போனதாக ஊர் நினைக்கிறது. குறைந்தது கைராசி அல்ல. அடுத்தவர் முன்பணத்தைத் தன் வரவாக எண்ணியதுதான் அவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

இப்படி நொடித்துப்போன நல்ல தொழிலாளிகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொழில் தெரியும். பணத்தைப் பிரித்து வைக்கத்தான் தெரியவில்லை.

கொடுத்தவர் பக்கமும் தவறு உண்டு

குற்றம் எல்லாம் வாங்கியவர் மேல் என்று சொல்லிவிட முடியாது.

முகூர்த்த நாள் என்பது வருடத்தில் சில நாட்கள்தான். ஒரு நாளை ஒரு வீட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டால், சமையல்காரர் அன்று வேறு வேலை ஏற்க முடியாது. நான்கு வீட்டார் வந்து கேட்டிருப்பார்கள். நான்கு பேரையும் அவர் திருப்பி அனுப்பியிருப்பார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "எங்களுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டார். முன்பணத்தைக் கொடுங்கள்" என்று கேட்டால் என்ன நியாயம்? அவருக்கு அந்த நாள் போனது போனதுதான். அவரை நம்பியிருந்த பத்துப் பன்னிரண்டு பரிமாறும் ஆட்களுக்கும் அன்றைய கூலி போனது.

தையல்காரர் துணியை வெட்டிவிட்டார். அதன் பிறகு, "வேண்டாம்" என்றால் எப்படி? தச்சர் அளவுக்கு ஏற்ப மரம் அறுத்துவிட்டார். அந்த மரத்தை வேறு யாருக்குக் கொடுப்பார்?

ஆகவே முன்பணத்தில் மூன்று பங்கு இருக்கிறது என்று சொல்லலாம். ஒரு பங்கு, நாளைப் பிடித்து வைப்பதற்கு. ஒரு பங்கு, சாமான் வாங்குவதற்கு. ஒரு பங்கு, கூலியில் கழிப்பதற்கு. எந்தப் பங்கு எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால், பிறகு கொடுத்தவர் முழுவதையும் கேட்பார். வாங்கியவர் ஒரு காசும் தர மாட்டேன் என்பார். இரண்டும் நியாயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ம் ஆண்டில் வந்தது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்தச் சட்டம்தான் இன்றும் நடக்கிறது. அதன் 65-வது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. பாட்டுக் கச்சேரி உதாரணம்!

ஒரு பாடகர் கச்சேரிக்கு ஒப்புக்கொள்கிறார். 1,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொள்கிறார். அந்த நாளில் அவருக்கு உடம்பு சரி இல்லை. பாட முடியவில்லை. கச்சேரி நடந்திருந்தால் கிடைத்திருக்கும் லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டியது இல்லை. ஆனால் வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதுதான் சட்டம் சொல்லும் தீர்ப்பு. அவர் மேல் குற்றம் இல்லை. ஆனாலும் பாடாத பாட்டுக்குப் பணம் இல்லை.

இன்னொரு வழக்கு உருளைக்கிழங்கு வழக்கு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு கொடுக்க ஒரு காண்டிராக்டர் ஒப்புக்கொண்டார். கோழி, முட்டை, மீன் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார். உருளைக்கிழங்குக்கு 10,000 ரூபாயும், மற்றதற்கு 8,500 ரூபாயும் டெபாசிட் கட்டினார். அவர் சரக்கைச் சரிவரக் கொடுக்கவில்லை. அரசாங்கம் டெபாசிட் முழுவதையும் எடுத்துக்கொண்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது.

1969-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. வெளிச் சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்தால் அந்த நஷ்டத்தை அரசாங்கம் கணக்குக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஆகவே டெபாசிட்டை எடுத்துக்கொள்ள முடியாது என்று கோர்ட் சொன்னது. பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டியதாயிற்று.

அரசாங்கத்துக்கே இந்த விதி என்றால், மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் இந்த விதிதான். நஷ்டம் உண்டா? எவ்வளவு? கணக்கைக் காட்ட வேண்டும். அதற்கு மேல் பிடிப்பது நியாயமாகாது. "ரத்து செய்தால் இவ்வளவு பிடிக்கப்படும்" என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், அந்தத் தொகை உச்ச வரம்புதான். அதற்கு உட்பட்டு நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 74-வது பிரிவு இதைச் சொல்கிறது.

அச்சாரம் வேறு, முன்பணம் வேறு

நம் ஊரில் இரண்டு சொல்லையும் ஒரே பொருளில் சொல்கிறோம். சட்டத்தில் இரண்டும் ஒன்று அல்ல.

"பேச்சு மாற மாட்டேன்" என்பதற்கு உறுதியாகக் கொடுப்பது அச்சாரம். தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பணத்தின் கருத்து அதுதான். மொத்தத் தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது முன்பணம்.

2012-ம் ஆண்டில் ஒரு வீடு விற்பனை வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்னது. உறுதிக்காகக் கொடுத்த அச்சாரமாக இருந்து, பேச்சு மாறினால் அது திரும்பாது என்ற நிபந்தனையும் தெளிவாக இருந்தால்தான் பிடித்துக்கொள்ளலாம். விலையில் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்த முன்பணத்தை அப்படிப் பிடித்துக்கொள்ள முடியாது.

ஆகவே ரசீதில் என்ன சொல் எழுதுகிறோம் என்பது முக்கியம். ஒரு சொல்லில் ஒரு வீட்டின் சேமிப்பே தங்கியிருக்கிறது.

2020-ல் பட்ட பாடு

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கொரோனா நோய் பரவாமல் தடுப்பதற்காக வந்த கட்டுப்பாடு அது. அடுத்து வந்த கல்யாண மாதங்கள் வெறும் மாதங்களாகப் போயின. பிறகு கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று மத்திய அரசு விதி செய்தது.

500 பேருக்குச் சொன்ன சாப்பாடு 50 பேருக்கு ஆனது. பெரிய மண்டபம் பேசியவர்கள் வீட்டுத் திண்ணையில் தாலி கட்டினார்கள். கொடுத்த முன்பணம் என்ன ஆகும்? கொடுத்தவர் மேல் குற்றம் இல்லை. வாங்கியவர் மேலும் குற்றம் இல்லை.

இரண்டு பேர் மேலும் குற்றம் இல்லாமல், வேலை நடக்க முடியாமல் போனால் என்ன செய்வது? இதற்கு எழுதி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? பலருடைய ரசீதில் தொகையும் தேதியும் மட்டும்தான் இருந்தன. சிலரிடம் ரசீதே இல்லை. பணத்தைத் தனியாக வைத்திருந்தவர் திருப்பிக் கொடுத்துவிடலாம். அல்லது வேறு தேதிக்கு மாற்றி எழுதலாம். செலவு செய்துவிட்டவர் என்ன செய்வார்? தொழிலும் இல்லை. கையில் பணமும் இல்லை. முகத்தை மறைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு காலம் மறுபடி வர வேண்டாம். ஆனால் மழை வெள்ளம் வரும். வீட்டில் துக்கம் வரும். எதிர்பாராதது வந்தால் என்ன செய்வது என்று ரசீதில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும்.

பில் மாறும் கதை

முன்பணத்துக்கு அடுத்த சண்டை பில்லில் வருகிறது.

ஒரு கல்யாணக் கணக்கைப் பார்க்கலாம். 500 இலைக்குப் பேசியிருக்கிறார்கள். இலைக்கு 250 ரூபாய். மொத்தம் 1,25,000 ரூபாய். முன்பணம் 30,000 ரூபாய் கொடுத்தாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் சித்தப்பா வருகிறார். "இன்னும் 80 இலை போடுங்கள்" என்கிறார். அதற்கு 20,000 ரூபாய். மாப்பிள்ளை வீட்டுக்காரர், "சாயங்காலம் 150 பேருக்கு டிபன் வேண்டும்" என்கிறார். பேருக்கு 100 வீதம் 15,000 ரூபாய். பெண்ணின் அத்தை, "ஐஸ்கிரீம் வேண்டாம். குழந்தைகளுக்குச் சளி பிடிக்கும்" என்கிறார். அதில் 10,000 ரூபாய் குறைகிறது.

மூன்று பேர் சொன்னார்கள். மூன்றும் வாய்ச்சொல். பெண்ணைப் பெற்றவருக்கு ஒன்றும் தெரியாது. பணம் கொடுக்க வேண்டியவரோ அவர்தான்.

இரவு பதினொரு மணிக்குக் காண்டிராக்டர் வருகிறார். தூக்கக் கலக்கம். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறார். 80 இலையையும் டிபனையும் கூட்டி 1,60,000 என்று எழுதுகிறார். ஐஸ்கிரீம் குறைந்தது நினைவில் இல்லை. முன்பணத்தைக் கழிக்கவும் மறந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர் தாளைப் பார்த்துத் திகைக்கிறார். "1,25,000 என்றுதானே பேசினோம்?" என்கிறார். குரல் உயர்கிறது. காண்டிராக்டர் அதே தாளில் அடித்து எழுதுகிறார். அடித்ததன் மேல் மறுபடி எழுதுகிறார். கடைசியில் எது எண், எது கீறல் என்று தெரியவில்லை.

சரியான கணக்கு என்ன? 1,25,000-உடன் 20,000-ஐயும் 15,000-ஐயும் கூட்டி, 10,000-ஐக் கழித்தால் 1,50,000 ரூபாய். முன்பணம் 30,000 போக, பாக்கி 1,20,000 ரூபாய். இவ்வளவுதான் விஷயம். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டார், "ஏமாற்றப் பார்த்தான்" என்றுதான் பல வருடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அடிக்காதே, புதிதாக எழுது

இதற்கு வழி மிக எளிது. கொடுத்த பில்லில் கை வைக்கக் கூடாது. அடிக்கக் கூடாது. மேலே எழுதக் கூடாது. மாறுதல் வந்தால் புதுத் தாள் எழுத வேண்டும்.

புதுத் தாளில் பழைய பில்லின் எண்ணைக் குறிக்க வேண்டும். என்ன கூடியது, என்ன குறைந்தது, யார் சொன்னார்கள், என்று சொன்னார்கள் என்று நான்கு வரி எழுத வேண்டும். வேலை தொடங்கும் முன்பே இதை எழுத வேண்டும். வேலை முடிந்த பிறகு எழுதினால் அதற்குப் பெயர் தகவல். முன்பே எழுதினால்தான் அது சம்மதம்.

யார் சொன்னால் மாற்றலாம் என்பதையும் முதல் நாளே பேச வேண்டும். கல்யாண வீட்டில் எல்லோரும் அதிகாரிகள். சித்தப்பாவும் சொல்வார், அத்தையும் சொல்வார். "இன்னாரைக் கேட்டுத்தான் கூட்டுவோம், குறைப்போம்" என்று ஒரே ஒரு பெயரை எழுதிக்கொண்டால் போதும். பிறகு யார் வந்து சொன்னாலும், "அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்" என்று சொல்லலாம். யாருக்கும் மனக்கசப்பு வராது.

பில் தப்பாகிவிட்டால் கிழித்து எறியக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு "ரத்து" என்று எழுதி, பில் புத்தகத்திலேயே வைக்க வேண்டும். 41-ம் எண்ணும் 43-ம் எண்ணும் இருந்து 42-ம் எண் இல்லை என்றால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். நேர்மையான தவறு கூடத் திருட்டுப் போலத் தெரியும்.

கடைசிப் பில்லில் முன்பணத்தைத் தவறாமல் காட்ட வேண்டும். எந்தத் தேதியில் வாங்கியது, ரசீது எண் என்ன என்று எழுதிக் கழிக்க வேண்டும். கொடுத்தவர் வீட்டுப் பெண்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

ஜி.எஸ்.டி. கட்டுபவர் கவனிக்க வேண்டியது

வேலை செய்து கொடுக்கும் தொழிலில், வருட வியாபாரம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டும். இந்த வரி 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி வந்தது.

பதிவு செய்தவர் முன்பணம் வாங்கினால் அதற்கு ரசீது வவுச்சர் கொடுக்க வேண்டும். சரக்கு விற்பவருக்கு இதில் சலுகை உண்டு. வேலை செய்து கொடுப்பவருக்கு இல்லை. முன்பணம் கைக்கு வந்ததுமே அதற்கு உரிய வரியைக் கணக்கில் கொண்டுவர வேண்டும். ஆகவே வந்த பணத்தை எல்லாம் செலவு செய்தவர், அரசாங்கத்தின் பங்கையும் சேர்த்துச் செலவு செய்கிறார்.

பில் போடும் முன்பே வேலை ரத்தானால், பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரீபண்டு வவுச்சர் எழுத வேண்டும். பில் போட்ட பிறகு தொகை குறைந்தால் கிரெடிட் நோட். கூடினால் டெபிட் நோட். சட்டமும் பழைய பில்லை அடிக்கச் சொல்லவில்லை. இன்னொரு தாள் எழுதத்தான் சொல்கிறது. கிரெடிட் நோட்டை அந்த நிதி ஆண்டுக்குப் பின் வரும் நவம்பர் 30-ந் தேதிக்குள் கணக்கில் காட்டிவிட வேண்டும். வருடக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால், அந்தத் தேதியோடு கெடு முடிந்துவிடும்.

பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. என்று எழுதிப் பணம் வாங்கக் கூடாது. இதைக் கொடுப்பவர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ரசீதில் ஏழு விஷயம்

பெரிய படிப்பு வேண்டாம். ஒரு ரசீது புத்தகம், ஒரு கார்பன் தாள், ஒரு பேனா போதும். ஏழு விஷயம் எழுத வேண்டும்.

1. கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், வாங்கிய தேதி.

2. தொகை. எண்ணாலும் எழுத்தாலும்.

3. என்ன வேலை, எந்த நாள், மொத்தம் எவ்வளவுக்குப் பேச்சு.

4. இந்தப் பணம் அச்சாரமா, முன்பணமா.

5. ரத்தானால் எவ்வளவு திரும்பும். இரண்டு மாதத்துக்கு முன் சொன்னால் முழுவதும், ஒரு மாதத்துக்கு முன் சொன்னால் பாதி, அதற்குப் பிறகு சொன்னால் வாங்கிய சாமானும் ஏற்பட்ட நஷ்டமும் போக மீதி என்று எழுதலாம்.

6. வேலைக்காரர் வர முடியாமல் போனால் என்ன, இருவர் கையிலும் இல்லாத காரணத்தால் நின்றால் என்ன.

7. மாறுதல் சொல்ல யாருக்கு உரிமை.

கீழே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போட வேண்டும்.

"செல்போனில்தான் பணம் அனுப்பினோம். அதுவே சாட்சி" என்று சிலர் சொல்வார்கள். பணம் போனதற்கு அது சாட்சிதான். எதற்காகப் போனது என்பதை அது சொல்லாது. பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது. அங்கே "வைகாசிக் கல்யாணம், சமையல் முன்பணம்" என்று எழுதினால் நல்லது. ரசீதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. காகிதம் தொலைந்தாலும் படம் இருக்கும்.

முதல் இல்லாதவர் என்ன செய்வார்?

"முன்பணத்தைத் தொடாமல் வைத்திருக்க நாங்கள் என்ன பணக்காரர்களா?" என்று தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. பலருக்கு முன்பணம்தான் முதல்.

அதற்கு வழி, ஒரே தடவையாக வாங்காமல் பிரித்து வாங்குவது. நாள் பிடிக்கும்போது ஒரு சிறு தொகை. சாமான் வாங்கும் வாரத்தில் சாமானுக்கு உரிய தொகை. வேலை முடிந்ததும் மீதி. இப்படி வாங்கினால், கொடுப்பவருக்கும் பயம் குறையும். வாங்குபவர் கையிலும் அடுத்தவர் பணம் மாதக் கணக்கில் தங்காது. தங்காத பணம் செலவாகாது.

வாங்கியதைத் தனியாக வைக்க வேண்டும். பாங்கில் இன்னொரு சேமிப்புக் கணக்கு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீட்டுக்கு ஒரு உறை. உறையின் மேல் கல்யாண வீட்டின் பெயர், தேதி. அந்த உறையில் இருந்து எடுப்பது அந்தக் கல்யாணத்துக்கு மட்டும். தொழிலாளியின் மனைவி இந்த உறைகளுக்குக் காவலாக இருந்தால் இன்னும் பத்திரம்.

"சொந்தக்காரரிடம் ரசீது கேட்டால் என்ன நினைப்பார்?" என்று கூச்சப்படுபவர்களும் உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்றும் கேட்டார்கள். எழுதிக் கேட்பது அவமதிப்பு அல்ல. இன்று ஒரு நிமிடக் கூச்சம். நாளை ஒரு குடும்பத்தின் உறவு பிழைக்கும்.

முறையிட இடம் உண்டு

இவ்வளவு செய்தும் தகராறு வந்தால்? முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டில் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தர மறுப்பதை முறையற்ற வியாபாரம் என்கிறது. அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது.

1915 என்ற எண்ணுக்கு போன் செய்தால் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம். மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது, "ரசீது எங்கே?" என்றுதான்.

வீட்டில் யாராவது ஒருவர் எழுதப் படிக்கக் கற்றிருந்தால் போதும். கணக்கு அந்தக் கையில் இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ரசீதை உரக்கப் படிக்கட்டும். பாட்டியும் கேட்கட்டும். புரியாத வரி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடலாம்.

பெண்ணுக்குக் கல்யாணம் என்று பத்து வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அதை வாங்குபவரும் பாடுபட்டுப் பிழைப்பவர்தான். ஒருவர் சேமிப்பும் மற்றவர் நல்ல பெயரும் ஒரே ரசீதில் இருக்கின்றன. முன்பணம் வாங்கும் கை, பணத்தை இடுப்பில் செருகும் முன் பேனாவை எடுக்கட்டும்.